காலியாகப் பறந்த இருக்கை

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த விமானக் கம்பெனிப் பதிலின் நகலும் போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. உடனே பதில் போடாததற்கு வேலை காரணம் இல்லை. வேலை என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், அதனால்தான் எழுதவில்லை.

மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு லாரி ஓட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். பெல்ட் ஆணியில் மாட்டுவதற்கு இல்லை, இடுப்பில் கட்டுவதற்கு என்று நான் சொன்னதாகச் சொல். உன் பட்டறையில் பல் செட்டு சுடுகிற அடுப்பு மறுபடி மக்கர் பண்ணுகிறது என்றாயே, சரி செய்தாயிற்றா? இங்கே உன் அண்ணி சௌக்கியம். மகள் பரீட்சைக்குப் படிக்கிறேன் பேர்வழி என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே படிப்புச் சத்தம் தவிர மற்ற எல்லாச் சத்தமும் கேட்கிறது.

இதை விமான நிலையத்தில், நீ 'பெரிய மனுஷன் கொட்டகை' என்று பேர் வைத்த லவுஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியம் பன்னிரண்டு மணி. பக்கத்து மேஜையில் ஒருவர் சூப்பில் ரொட்டியை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டே போனில் யாரையோ வேலையை விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார். எதிரே, குளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு பெண் மடித்த வெள்ளைத் துண்டும் துணிச் செருப்பும் எடுத்துக் கொடுக்கிறாள். என்னைப் பார்த்ததும் பேர் சொல்லி வணக்கம் சொன்னாள். காபியில் நான் சர்க்கரை போடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். உன் அண்ணிக்கு அதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம்தான். நாலு தடவை உன் நம்பரை எடுத்தேன். நீ "சொல்லு அண்ணா" என்று ஆரம்பித்தால் நான் வேறு எதையாவது சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது.

அந்த விமானக் கம்பெனியோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டி நீ வாங்கிய பதிலை எத்தனையோ முறை படித்துவிட்டேன். அன்றைய விமானத்தில் இருக்கைகளைவிடப் பயணி ஒருவர் அதிகமாம். 'உறுதி இருக்கை' சலுகை பெற்ற உயர்நிலை உறுப்பினர் ஒருவருக்கு இடம் தர வேண்டியிருந்ததால் விதிமுறைப்படி உன் இருக்கை ரத்து செய்யப்பட்டதாம். வருந்துகிறார்களாம். அந்த 'உயர்நிலை உறுப்பினர் ஒருவர்' என்ற இடத்தில் நீ சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு அழுத்திப் போட்டிருக்கிறாய். இரண்டாவது கோட்டில் காகிதமே கிழிந்திருக்கிறது.

அதன் கீழே எனக்கு நீ எழுதியிருந்தது: "உனக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியுமே அண்ணா. அந்த ஆள் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு. நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்கம்மா சாகக் கெடந்தா, அதவிடப் பெரிய அவசரம் உங்களுக்கு என்னய்யா இருந்துச்சு?"

கண்டுபிடித்துவிட்டேன் சுண்டு. கண்டுபிடித்து இன்றோடு ஆறு நாள்.

சொல்வதற்கு முன்னால் அந்த நாளை ஒரு தரம் எழுதிக்கொள்கிறேன். உன் பக்கத்துக் கதை எனக்கு மனப்பாடம், அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறாய். காலையில் பத்து மணிக்குச் சித்தி போன் செய்து, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே கிளம்பு என்றாள். நீ நகக்கண்ணில் பல் அச்சு மெழுகோடு அப்படியே ஓடினாய். இரண்டு மணி விமானத்தில் கடைசி வகுப்பில் கடைசி சீட்டு கிடைத்தது. பெட்டியைப் போட்டாய், சோதனை எல்லாம் முடித்தாய், ஏறும் வாசலில் வரிசையில் நின்றாய். அங்கே ஒரு பெண் உன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஓரமா நில்லுங்க மேடம்" என்றாள். ஓரமாக நின்றாய். எல்லாரும் ஏறின பிறகு, "சிஸ்டம் உங்க பேரைத்தான் எடுத்திருக்கு, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினாய். பிறகு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக விமானம் பின்னால் நகர்ந்து போவதைப் பார்த்தாய். மறுநாள் நீ ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மா போய் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

இது என் பக்கம். சித்தி எனக்குப் போன் செய்தது பத்தரைக்கு. நான் அன்று வேலையாக உன் ஊருக்குத்தான் வந்திருந்தேன், முப்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் கம்பிக்கயிற்றின் தேய்மானத்தை அளந்துகொண்டிருந்தேன். உனக்கும் போன் செய்தாகிவிட்டது என்று சித்தி சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்பது உனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் பேசாமல் இருந்த அந்த ஒன்றரை வருஷமும், உங்களுக்கு நடுவில் என்னால் தபால்காரி வேலை பார்க்க முடியாது என்று ஆளுக்கு ஆள் தனியாகத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

அடிக்கடி பறப்பதால் விமானக் கம்பெனி அட்டை கொடுத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனி நம்பர் உண்டு. மணி இரண்டு தரம் ஒலிப்பதற்குள் எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போதே பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். இரண்டு மணி விமானம் நிரம்பிவிட்டது என்றாள் அந்தப் பெண். அதைச் சொல்லிவிட்டு உடனே, "ஆனா நீங்க கவலப்படாதீங்க சார், உங்களுக்கு இல்லன்னு நாங்க என்னிக்கும் சொன்னதில்லயே" என்றாள். அம்மா அங்கே கிடக்கிறாள் சுண்டு, எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அது உண்மை.

நீ தேடுகிற ஆள் நான்தான்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். துண்டுக்காரப் பெண், உடம்புக்கு முடியவில்லையா சார் என்று கேட்டாள்.

ஆறு நாள் முன்னால்தான் தெரிந்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். மறுநாள் ஆஸ்பத்திரி நடையில் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு மணி விமானத்துல என்ன ஏத்தல அண்ணா" என்று அழுதபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த விமானத்தில்தானே நான் வந்தேன். நீ எப்படி வந்தாய் என்று நீ கேட்டாய். வேறொரு ஊரில் வேலையாக இருந்தேன், அங்கிருந்து நேராக வந்துவிட்டேன் என்றேன். நான் எப்போதும் ஊர் சுற்றுகிறவன்தானே, நீ நம்பிவிட்டாய். நூற்றெண்பது பேர் போகிற விமானத்தில் என்னைப் போல வேறு ஒருவன் இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த 'இருந்திருக்கலாமை' வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும் என்பதால் அந்தப் போனைச் செய்யவில்லை. உன் கடிதம் வந்த பிறகு வேறு வழியில்லை.

அதே நம்பர்தான். அந்தப் பெண் தேடிப் பார்த்தாள். மற்றவர்களுடைய விவரம் தரக்கூடாது சார் என்றாள். சரி, என்னுடையதையாவது பார் என்றேன். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அன்னிக்கு அந்தச் சலுகைய எடுத்தது ஒரே ஒருத்தர்தான் சார், அது நீங்கதான்" என்றாள். அதையும் ஏதோ பரிசு விழுந்த மாதிரிதான் சொன்னாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

அத்தோடு விடாமல் நான்தான் கேட்டேன், அத்தனை பேரில் கணினி ஏன் உன் பேரை எடுத்தது என்று. குறைந்த வகுப்பு, கடைசியாக எடுத்த சீட்டு, எந்த அட்டையும் இல்லை, யாருடைய குடும்பப் பட்டியலிலும் இல்லை, அப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் எடுக்கும் என்றாள். குடும்பப் பட்டியலில் இருந்திருந்தால் அந்தப் பேரைத் தொட்டிருக்காதாம்.

அந்தப் பட்டியல் என்னவென்று உனக்குத் தெரியாது. என்னைப் போன்றவர்கள் ஐந்து பேருடைய பேரைக் கொடுத்து வைக்கலாம். அவர்கள் தனியாகப் போனாலும் வரிசையில் முன்னால் விடுவார்கள், பெட்டி சீக்கிரம் வரும், விமானம் நிரம்பினாலும் இறக்கிவிட மாட்டார்கள். அம்மா, அண்ணி, மகள், சித்தி, நீ. ஐந்தாவதாக உன் பேர் நான்கு வருஷம் இருந்தது. பிறகு அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நாம் எல்லோரும் கூடியிருந்தபோது நான் சொந்தக்காரர்கள் முன்னால் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். இவள் வந்ததே நான் பறந்து சேர்த்த பாயிண்ட்டில் கிடைத்த ஓசி டிக்கெட்டில்தான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. "இனிமே உன் பாயிண்ட்ல வரமாட்டேன், நடந்தாவது வர்றேன், மேல போறதும் கீழ வர்றதுமே பொழப்பாப் போன ஆளுக்கு மனுஷங்க கண்ணுக்குத் தெரியாது" என்றாய். திரும்பும் சீட்டையும் என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டுப் போய்விட்டாய்.

அன்று சாயங்காலமே உன் பேரை எடுத்தேன். பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதை அழுத்தினால், நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று கேட்கும். நிச்சயம் என்று அழுத்தினேன். உன் இடத்தில் என் மேலாளருடைய மனைவியைச் சேர்த்தேன். அந்த அம்மாள் வருஷத்துக்கு ஒரு தரம் தங்கை வீட்டுக்குப் போவார், பெட்டி சீக்கிரம் வந்துவிட்டது என்று எனக்கு நன்றி சொல்வார். என்னை எதனால் அடித்தால் தகும் என்று நீயே சொல்.

விமானத்துக்குள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நான் எல்லாருக்கும் முன்னால், அட்டை வைத்திருப்பவர்களுக்கான பக்கத்து வழியாக ஏறினேன். நீ அப்போது அந்த நீள வரிசையில் எங்கேயோ நின்றிருப்பாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் ஏறுகிறவனுக்குத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் கிடையாது. பன்னிரண்டாவது வரிசையில் ஓரத்து சீட்டு. எல்லாரும் உட்கார்ந்த பிறகு பணிப்பெண் குனிந்து, முன் வகுப்பில் ஒருவர் வரவில்லை, நீங்கள் அங்கே வாருங்கள் சார் என்றாள். போனேன். சூடான துண்டு கொடுத்தாள்.

அப்போது விமானியின் அறிவிப்பு வந்தது. பயணி ஒருவர் வராததால் அவருடைய பெட்டியை இறக்க வேண்டியிருக்கிறது, இருபது நிமிஷம் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எவனோ கடையில நின்னு கதையடிச்சிட்டு இருப்பான், அவனால நமக்கு லேட்டு" என்று பக்கத்து ஆளிடம் சொன்னேன். அவரும் ஆமாம் என்றார். எட்டிப் பார்த்திருந்தால் உன் நீலப் பெட்டியை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்திருப்பேன். அதன் மூலையை மாப்பிள்ளை மஞ்சள் ஒட்டு நாடா போட்டு ஒட்டியிருப்பாரே, நூறு பெட்டிக்கு நடுவிலும் எனக்கு அடையாளம் தெரியும். நான் முகம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நான் முன்னால் போய்விட்டேன் இல்லையா, பன்னிரண்டாவது வரிசையில் என் சீட்டு காலியாகத்தான் இருந்தது. வெளியே பட்டியலை மூடிவிட்டார்கள், உள்ளே இடம் இருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இருபது நிமிஷம் கதவு திறந்தே கிடந்தது. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாய். நடுவழியில் பின்பக்கம் போனபோது பார்த்தேன், பக்கத்து சீட்டுக்காரர் அங்கே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் அந்த இருக்கை காலியாகவே பறந்தது.

அப்படி என்ன அவசரம் என்று கேட்டாய். அந்த ஆளுக்கும் உன் அவசரம்தான். அவனுடைய அம்மாவும் அதே கட்டிலில்தான் கிடந்தாள்.

இங்கே நிறுத்திக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. இதோடு நிறுத்தினால் நீ இரண்டு நாள் அழுவாய், பத்து நாள் பேசமாட்டாய், பிறகு, அண்ணனுக்கு என்ன தெரியும், கணினி செய்ததற்கு அவன் என்ன செய்வான் என்று நீயே எனக்காக வாதாடுவாய். அதனால் நிறுத்தப் போவதில்லை. ஆனால் இப்போது என் விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

*

மறுநாள், ஓட்டல் அறையில்.

நேற்று எழுதியதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அட்டையை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வெட்டவில்லை. நேற்றும் எல்லாருக்கும் முன்னால்தான் ஏறினேன். கால் தானாக அந்த வழிக்குப் போகிறது. போன பிறந்த நாளுக்கு நடுவானில் சின்ன கேக் வைத்துக் கைதட்டினார்கள், பேர் எழுதிய அட்டையில் விமானியே கையெழுத்துப் போட்டார். வீட்டில் மகள் மறுநாள் சாயங்காலம்தான் ஞாபகம் வந்து வாழ்த்துச் சொன்னாள். அவளைக் குறை சொல்லவில்லை. வருஷத்தில் இருநூறு நாள் வீட்டில் இல்லாதவனுடைய பிறந்த நாள் யாருக்கு ஞாபகம் இருக்கும். எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டியிருந்தது, அவர்கள் கூப்பிட்டார்கள். நான் எப்படி இப்படி ஆனேன் என்று நீ யோசிப்பாய் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், சமாதானத்துக்கு இல்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். சித்தி என்னை அறையில் விட்டுவிட்டு மருந்து வாங்கக் கீழே போனாள். அம்மா விழித்திருந்தாள். உன்னிடம் இரண்டு வருஷமாக, அம்மா மயக்கத்திலேயே இருந்தாள், யாரையும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அது பொய். நல்ல நினைவோடு இருந்தாள். நீ செய்து கொடுத்த பல் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டிருந்தார்கள். ஆனாலும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், என் பின்னால் கதவைப் பார்த்தாள். "சின்னவ எங்க?" என்றாள். நான் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்படி வந்தாய், சாப்பிட்டாயா, ஒன்றும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. நிரம்பிய விமானத்தில் இடம் பிடித்து முதல் ஆளாக வந்து நிற்கிறவன் நான், வராதவளைத் தேடுகிறாளே என்று இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு பொறாமை.

நான் சொன்னேன், "அவளுக்கு நேரம் கெடச்சா வருவாம்மா. அவளுக்கு எப்பவும் அந்தப் பட்டறதான முக்கியம்."

இதுதான் சுண்டு. சீட்டு தெரியாமல் எடுத்தது. பட்டியல் கோபத்தில் எடுத்தது. இது தெரிந்தே சொன்னது. அந்த நேரம் நீ அந்த இரும்பு நாற்காலியை விட்டுக்கூட எழுந்திருக்க மாட்டாய்.

அம்மா கையைத் தூக்கினாள். ஊசி குத்தியிருந்த கை, பாதிதான் தூக்க முடிந்தது. "அப்படிச் சொல்லாத" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அவ கெளம்பியிருப்பா. யாரோ அவளுக்கு வழி விடல. அவ வந்தான்னா சொல்லு, நான் அவமேல கோவமாப் போகலன்னு." நான் சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லுவியா?" என்று மறுபடி கேட்டாள். சொல்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பிறகு தூங்கினாள். காலையில் ஒன்பது மணிக்குப் போய்விட்டாள்.

நீ வந்து கேட்டாய், "அம்மா என்னக் கேட்டாங்களா அண்ணா?" அதைச் சொன்னால் நான் சொன்னதையும் சொல்ல வேண்டும். யார் வழி விடவில்லை என்று யோசிக்கவும் வேண்டும். இல்லை, மயக்கத்திலேயே இருந்தாள் என்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று அது தடித்துப் போய்விட்டது. பெற்றவள் சாவுக்கு விருந்தாளி மாதிரி வந்தாள் என்று சித்தி உன் காதுபடவே பேசினாள், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. போன வருஷம் நீயாகப் போன் செய்து, நமக்கு இனி யார் இருக்கிறார்கள் அண்ணா, பேசாமல் இருக்க வேண்டாம் என்றாயே, அன்று கொட்டிவிடப் பார்த்தேன். முடியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை தடவை என்னிடமே சொல்லி அழுதிருக்கிறாய், அம்மா என்மேல் கோபமாகத்தான் போயிருப்பாள், மாத்திரை போட்டாலும் தூக்கம் வரவில்லை என்று. மருந்து என் கையில் இருந்தது. நான் உன்னை வேறு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

நேற்றைக்கு முந்தின நாள் சித்திக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அவ கிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, எழுதப் போகிறேன் என்றேன். "சீக்கிரம் எழுது, நானும் அவ கால்ல விழணும்" என்றாள். அவள் உனக்குப் போன் செய்தால் எடு. அன்று இரவு அவளிடமும் உனக்குப் பட்டறைதான் முக்கியம் என்று சொல்லியிருந்தேன், அவள் பேசியது அதை நம்பித்தான்.

அம்மா சொன்னதற்கு என்னால் சாட்சி காட்ட முடியவில்லை. சொட்டு மருந்து பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ் அப்போது அறையில் இருந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விசாரித்தேன். அவள் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறதாம், எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் கிடைத்திருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு உன் வாசலுக்கு வந்திருப்பேன். கிடைக்கவில்லை. ஆக, உன்னிடம் இரண்டு வருஷம் பொய் சொன்னவனுடைய வாய் ஒன்றுதான் மிச்சம்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். என்னை என்ன செய்வது என்பது உன் இஷ்டம். பேசாதே, வீட்டு வாசலில் ஏற்றாதே, அண்ணன் என்று ஒருத்தன் இல்லை என்று ஊருக்கே சொல். நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நான் சொல்கிற வேறு எதையும் இனி நீ நம்பவும் வேண்டாம். இந்த ஒன்றை மட்டும், என் வாய் வழியாக வந்தது என்பதற்காகத் தள்ளிவிடாதே. அது என்னுடையது இல்லை, உனக்கென்று அம்மா கொடுத்து அனுப்பியது. உன்மேல் கோபம் இல்லாமல்தான் போனாள் சுண்டு. நம்பு.

உன் அண்ணன்